எங்கள் வீட்டில் ஐஸ் பெட்டி இருந்தது

காலை ஷிப்ட் முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது வீடு காலியாக இருந்தது. டிவி இல்லை. மீனும் காயும் வைக்கும் ஐஸ் பெட்டி இல்லை. தையல் மிஷின் நின்ற மூலையில் ஒட்டடைதான் இருந்தது. சோபா கிடந்த இடத்தில் ஒரு கிழிந்த பாய் விரித்திருந்தது. அந்தப் பாய் எங்களுடையதும் அல்ல. அதன்மேல் என் கணவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். திருட்டுக் கொடுத்தவர் முகம் அல்ல அது, திருட்டுக்கு உடந்தையாக இருந்தவர் முகம்.

"பயப்படாத. எல்லாம் பக்கத்து வீட்டுலதான் இருக்கு. அக்கா ஆள் வச்சுத் தூக்கிட்டாங்க," என்றார்.

மறுநாள் எங்கள் வீட்டைப் பார்க்க ஒரு சங்கத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. நாங்கள் போதுமான அளவுக்கு ஏழைகள்தானா என்று அவர்கள் பார்த்து முடிவு செய்வார்கள். ஏழைகள் என்று தோன்றினால், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மிஷினில் என் கணவருக்கு ஓர் இடம் கிடைக்கும். தோன்றாவிட்டால் கிடைக்காது. கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றும் இல்லை.

இது எண்பதுகளின் கடைசியில் நடந்தது. கிள்ளான் துறைமுகப் பட்டணத்தில் ஒரு மலிவு விலை வீட்டு வரிசையில் நாங்கள் இருந்தோம். அவர் துறைமுகத்திலிருந்து லோரி ஓட்டினார். சர்க்கரை நோய் முதலில் வந்தது, அதன் பின்னாலேயே ரத்தக் கொதிப்பு வந்தது, இரண்டும் சேர்ந்து கிட்னியைத் தின்றுவிட்டன. அரசாங்க ஆஸ்பத்திரியில் மிஷின்கள் கொஞ்சம், காத்திருந்தவர்கள் கூட்டம். அதிலும் சர்க்கரை உள்ளவர்கள் வரிசையின் கடைசியில்தான். அவர் மூச்சு விடத் திணறும்போதெல்லாம் வார்டில் சேர்த்து, வயிற்றில் குழாய் போட்டு, நீரை இறக்கி அனுப்பினார்கள். நர்சுகள் மேல் எனக்குக் குறையில்லை. இருக்கிற கட்டிலுக்கு மேல் அவர்கள் என்ன செய்வார்கள்? நெடுஞ்சாலைக்கும் உயர்ந்த கட்டடத்துக்கும் நாட்டில் பணம் இருந்தது, இந்த மிஷினுக்கு மட்டும் இல்லை என்றார்கள். எனக்கு அது அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

தனியார் கிளினிக்கில் கேட்டுப் பார்த்தோம். என் சம்பளம் முழுவதையும் கொண்டுபோய்க் கொட்டினாலும் மாதத்தின் முதல் வாரத்தைத் தாண்டாது. அந்தச் சம்பளம் எதிலிருந்து வந்தது தெரியுமா? கையுறைத் தொழிற்சாலையிலிருந்து. உலகத்து டாக்டர்கள் எல்லாம் போட்டுக்கொள்ளும் ரப்பர் கையுறைகளைத்தான் நாங்கள் நாள் முழுக்கச் சோதித்துப் பெட்டியில் அடைத்தோம். நான் அடைத்த கையுறையைப் போட்டுக்கொண்டு யாரோ யாருக்கோ வைத்தியம் பார்த்தார்கள். என் வீட்டுக்காரருக்குப் பார்க்க மட்டும் வழியில்லை.

அப்போதுதான் இந்தச் சங்கத்தைப் பற்றிச் சொன்னார்கள். தலைநகரில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் சில மிஷின்களை வைத்து, நன்கொடை வசூலித்து, ஏழைகளுக்கு இலவசமாகப் பார்த்தார்கள். நல்லவர்கள்தான், நான் இல்லை என்று சொல்லமாட்டேன். எனக்குச் சண்டை வருவதே நல்லவர்களிடம்தான். கெட்டவர்களிடம் போய் எதைக் கேட்பது?

பக்கத்து வீட்டு அக்காவின் மகன் அங்கே இரண்டு வருஷமாக மிஷினில் இருந்தான். அந்தச் சங்கம் வீடு பார்க்க வரும் விஷயத்தில் அக்காவை மிஞ்ச எங்கள் வரிசையில் ஆள் கிடையாது. அவர் வீட்டைப் பார்க்க வந்தபோது அவருடைய டிவியும் மிக்சியும் எங்கள் வீட்டில்தான் இருந்தன. அந்த வாரம் என் மகள் இரண்டு டிவியையும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டு எதைப் பார்ப்பது என்று தெரியாமல் முழித்தாள். கல்யாணத்துக்கு நாற்காலி இரவல் வாங்குவதுபோல எங்கள் வரிசையில் வறுமையை இரவல் வாங்கினோம். அந்தக் கிழிந்த பாய்கூட அக்கா மகனுக்காக விரிக்கப்பட்டு, பிறகு கடைசி வீட்டுக் கிழவருக்காக விரிக்கப்பட்டு, இப்போது எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. வந்து பார்த்த பெரியவர்கள் யாருக்கும் பாய் அடையாளம் தெரியவில்லை. ஏழை வீட்டுப் பாய் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

ஆக, எனக்கு இந்த வித்தை புதிதல்ல. அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தாலும் இருந்திருப்பேன். ஆனால் அக்கா ஒரு மஞ்சள் கயிற்றோடு உள்ளே வந்தார்.

"இந்தா, தாலிய இதுல கோத்துப் போட்டுக்க. செயின என்கிட்ட குடு, பத்திரமா வைக்கிறேன். அவங்க கண்ணு மொதல்ல கழுத்துக்குத்தான் போகும்லா."

"அவர் உயிரக் காப்பாத்த தாலிய கழட்டச் சொல்றீங்களாக்கா?"

"கழட்டி மாத்திப் போடத்தானடி சொல்றேன். நான் போடலயா?"

நான் கயிற்றைக் கையில் வாங்கவில்லை. அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது.

"இன்சுலின் எங்கக்கா?"

அக்காவின் கை வாய்க்குப் போனது. ஓடினோம். ஐஸ் பெட்டி அவர் வீட்டு வாசலுக்குள் நுழையவில்லையாம். பின்பக்கம் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே, பிளக் பிடுங்கி நிறுத்தியிருந்தார்கள். காலையிலிருந்து தகரத்தின் சூடு அதன்மேல்தான் இறங்கியிருந்தது. கதவைத் திறந்ததும் மீன் நாற்றம் குப்பென்று அடித்தது. கதவின் உள்தட்டில் இருந்த மருந்துப் புட்டியைத் தொட்டேன், பாதி ஆறிய தேநீர்க் கோப்பைபோல வெதுவெதுத்தது.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது! மருந்து வாங்க வக்கில்லாதவர்கள் என்று காட்டுவதற்காக, இருந்த மருந்தைக் கெடுத்து வைத்திருக்கிறோம். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதாவது பரவாயில்லை. நாங்கள் வெண்ணெயை வெயிலில் வைத்துவிட்டு நெய்ப் பிச்சைக்குக் கிளம்பியிருந்தோம்.

"எல்லாத்தையும் திருப்பிக் கொண்டு வைக்கணும்," என்றேன்.

"பைத்தியமாடி உனக்கு? ஒரு பாட்டல் போனா இன்னொரு பாட்டல் கேட்டு வாங்கலாம். மெஷின் போனா? என் புள்ள இன்னிக்கு உயிரோட இருக்கான்னா அந்தப் பாயாலதான்!"

அக்கா சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒரு பிள்ளையின் உயிர் ஒரு கிழிந்த பாயில் தொங்கும்படி யார் வைத்தார்கள்? அந்த டிவி அவர் ராத்திரி டிரிப் அடித்து வாங்கியது. ஐஸ் பெட்டி, தொழிற்சாலைத் தோழிகள் பத்துப் பேர் சேர்ந்து கட்டிய கூட்டுச் சீட்டில் என் முறை வந்தபோது வாங்கியது. உழைத்து வாங்கிய பொருளைத் திருட்டுப் பொருள்போல ஒளிக்கச் சொல்கிறார்களே! நோய் வந்தால் முதலில் ஓட்டாண்டியாகு, பிறகு வா, வைத்தியம் பார்க்கிறோம் என்பது எந்த ஊர் நியாயம்? பணக்காரனுக்குத் தனியார் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஒன்றுமே இல்லாதவனுக்கு யாராவது இரக்கப்படுவார்கள். வேலைக்குப் போய், வரி கட்டி, ஓர் ஐஸ் பெட்டியும் வைத்திருப்பவன் நடுவில் கிடந்து சாக வேண்டியதுதானா?

அக்கா வழி நெடுக என்னைத் திட்டினார். ஆனாலும் ஐஸ் பெட்டியின் மறுபக்கத்தை அவர்தான் பிடித்தார். பொழுது சாய்வதற்குள் எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்துவிட்டன.

என் கணவர் சாப்பிடவில்லை. திரும்பி வந்த சோபாவில் உட்காரவும் இல்லை, பாயிலேயே இருந்தார். கால் இரண்டும் பானைபோல வீங்கியிருந்தன.

"உன் ரோஷத்துக்கு நான் சாகணுமா?" என்று கேட்டார்.

"சாகறதப் பத்திப் பேசாதீங்க. இந்தக் கதவு இல்லன்னா அடுத்த கதவ தட்டுவேன்."

"அடுத்த கதவுக்கு நீ போயிட்டு வர்ற வரைக்கும் நான் இருக்கணுமே."

பயமாக இருந்தது. ஆனால் அவரைப் பார்க்கப் பார்க்கக் கோபம்தான் கூடியது. முப்பது டன் லோரியைப் பின்பக்கமாகவே சந்துக்குள் நுழைக்கிற மனுஷன், ஊரான் வந்து பார்ப்பதற்காக ஊரான் வீட்டுப் பாயில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார். இந்த உடம்பை மட்டும் காப்பாற்றி, ஆளை இப்படியே விட்டுவிட்டால் எனக்கு மிஞ்சுவது யார்?

மறுநாள் வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சங்கத்தின் செயலாளர், கழுத்தில் டை கட்டியிருந்தார். இன்னொருவர் அங்கே சம்பளம் வாங்காமல் வேலை பார்க்கும் ஒரு டாக்டர் அம்மா. செயலாளர் உள்ளே நுழைந்ததும் டிவியைப் பார்த்தார். பிறகு சோபாவை, பிறகு என் கழுத்தை. அக்கா படித்த பாடம் சரியாகத்தான் இருந்தது, வரிசைதான் கொஞ்சம் மாறியிருந்தது.

"வசதியாத்தான் இருக்கீங்க போல," என்றார்.

"உழைக்கிறோம் சார்."

அவர் அடுப்படிக்குப் போய், கேட்காமலே ஐஸ் பெட்டியைத் திறந்தார். கோழி இருக்கிறதா, ஆப்பிள் இருக்கிறதா என்று பார்த்திருப்பார். டாக்டர் அம்மா அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். காலையில்தான் ஆஸ்பத்திரியில் கெஞ்சி வாங்கி வந்த புதுப் புட்டி தட்டில் இருந்தது.

"இன்சுலின்," என்றார் டாக்டர் அம்மா. "பெட்டி இல்லாட்டி இத எங்க வைப்பாங்க?"

செயலாளர் கதவை மூடிவிட்டு முன் அறைக்கு வந்தார். என் கணவரிடம் கேட்டார், "டிவி எப்ப வாங்குனது?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் பேசினார். முந்தின நாள் முழுக்கப் பாயை விட்டு எழுந்திருக்காத மனுஷன், அன்று சோபாவின் கைப்பிடியை ஊன்றி எழுந்து நின்றார்.

"கைகால் நல்லா இருந்தப்ப வாங்குனது சார். திருப்பி நல்லா ஆனா லோரி ஓட்டுவேன். அதுக்குத்தான் மெஷின் கேக்கறோம். டிவிய வித்துட்டு வான்னா, வித்த காசுல எத்தன வாரம் ஓடும்னு நீங்களே சொல்லுங்க. அதுக்கப்புறமும் உங்ககிட்டதான வரணும்?"

எனக்கு அந்த நேரம் அழுகை வந்தது. பெருமையில் வந்த அழுகை. அடக்கிக்கொண்டேன், அழுதால் அதையும் ஏழ்மைக் கணக்கில் சேர்த்துவிடுவார் அந்த மனுஷன்.

"உங்களைவிடக் கஷ்டப்படுறவங்க நெறைய பேர் இருக்காங்க," என்றார் செயலாளர்.

"இருக்காங்க சார். அவங்களுக்கு சும்மா குடுங்க. எங்களுக்கு சும்மா வேணாம். சம்பளத்துக்குத் தக்கன இவ்வளவு கட்டுன்னு சொல்லுங்க, கட்டுறோம்," என்றேன் நான்.

"அப்படி ஒரு ரூல் இல்லம்மா."

"ரூல் நீங்க எழுதுனதுதான சார்?"

டாக்டர் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இருவரும் போய்விட்டார்கள்.

இடம் கிடைக்கவில்லை. அக்கா வீட்டுத் தொலைபேசியில் சொன்னார்கள்: இப்போதைக்குத் தகுதி இல்லை, நிலைமை இன்னும் மோசமானால் மறுபடி கேட்டுப் பாருங்கள். இதைவிட மோசம் என்றால் அது என்ன மோசம்? அந்த வாரமே அவருக்கு மூச்சு முட்டி, வார்டில் சேர்த்து, மறுபடி வயிற்றில் குழாய் போட்டார்கள். குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிய நாளில் நான் அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. டாக்ஸியை நேரே பிரிக்பீல்ட்ஸுக்கு விடச் சொன்னேன். அன்று அங்கே செயற்குழு கூடுகிற நாள் என்று அக்கா சொல்லியிருந்தார். அவர் மகனுக்கும் அன்றுதான் மிஷின் முறை என்பதால் அக்காவும் அங்கே இருந்தார்.

செயற்குழு உட்கார்ந்த அறை மிஷின் அறைக்கு அடுத்தது. நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. வெளியே பெஞ்சில் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். என் கணவரையும் அதே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, செயற்குழு அறைக் கதவைத் தட்டாமலே திறந்தேன்.

"நிலைமை மோசமானா வரச் சொன்னீங்க. மோசமாயிடுச்சு, கூட்டிட்டு வந்திருக்கேன்," என்றேன்.

செயலாளர் எழுந்துவிட்டார். "இது முறையில்லம்மா. நாங்க நேர்ல வந்து பாத்துத்தான முடிவு பண்ணோம்? மத்தவங்க வீட்டையும் போய்ப் பாருங்க. டிவி இருக்கா, ஐஸ் பெட்டி இருக்கா? பாயில படுத்திருக்காங்க."

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். நான் அன்றைக்கு ஏழையும் இல்லையாம், அப்போதும் என் சொல் ஏறவில்லை. நான் அடுத்து வாயெடுப்பதற்குள் என் முதுகுக்குப் பின்னால் அக்காவின் குரல் கேட்டது.

"அந்தப் பாய் என்னோடது சார்."

எல்லோரும் திரும்பினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் மகன் கையில் ஊசியோடு படுத்திருந்தான். அக்கா என்னைத் தாண்டி மேசைவரை போனார்.

"என் வீட்டுல டிவி இருந்துச்சு, மிக்சி இருந்துச்சு. நீங்க வந்தப்ப எல்லாத்தையும் இவ வீட்டுல வச்சேன். ரெண்டு வீட்டுல அதே பாயத்தான் நீங்க பாத்தீங்க. இவ ஒருத்திதான் ஒளிக்கல. ஒளிச்ச என் புள்ளைக்கு மெஷின் இருக்கு, ஒளிக்காத இவ புருஷனுக்கு இல்ல. இப்ப என் புள்ளய எறக்கிவிடப் போறீங்களா? எறக்கிடுங்க, பாப்போம்."

எனக்காக அந்த அம்மா தன் பிள்ளையின் இடத்தையே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டார். அந்த அளவு தைரியம் எனக்கு இருந்திருக்குமா என்று கேட்டால், தெரியாது என்றுதான் சொல்வேன்.

செயற்குழுவோடு உட்கார்ந்திருந்த டாக்டர் அம்மா எழுந்து வெளியே வந்து பெஞ்சைப் பார்த்துக் கேட்டார், "நெசத்த சொல்லுங்க. வேற யாரெல்லாம் ஒளிச்சு வச்சீங்க?"

பெஞ்சில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு ஒரு முதியவர் மெதுவாகக் கையைத் தூக்கி, "மோட்டார் சைக்கிள் மட்டும்லா," என்றார். அதைக் கேட்டு என் கணவர் சிரித்தார். மூச்சு முட்ட முட்டச் சிரித்தார். பெஞ்சில் ஒவ்வொருவராகச் சிரித்தார்கள், கைகளும் ஒவ்வொன்றாக மேலே போயின.

டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. செயலாளரைப் பார்த்து, "நாமதான் எல்லாரையும் பொய் சொல்ல வச்சிருக்கோம்," என்று மட்டும் சொன்னார்.

விதி அன்றைக்கே மாறிவிடவில்லை. செயலாளர் பல கூட்டங்களில் முரண்டு பிடித்தார் என்று கேள்வி. ஆனால் அக்காவின் மகனை யாரும் இறக்கவில்லை. என் கணவருக்கு அந்த வாரமே சாயங்கால முறையில் ஓர் இடம் ஒதுக்கினார்கள், டாக்டர் அம்மாவின் பொறுப்பில். நான் கேட்டபடியே சம்பளத்துக்குத் தக்க கட்டணம் கட்டினோம். சில மாதங்களில் அதுவே எல்லோருக்கும் வழக்கமானது. முடியாதவர்கள் கட்டவில்லை, முடிந்தவர்கள் முடிந்ததைக் கட்டினார்கள், வந்த பணத்தில் இன்னொரு மிஷினும் வந்தது. வீடு பார்க்கப் போவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு கடைவீட்டுக்குள் சிலர் உட்கார்ந்து செய்ய முடிந்த இந்தக் காரியத்தை நாட்டை நடத்துகிறவர்கள் ஏன் செய்யவில்லை என்று நான் இன்றுவரை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எங்கே கூட்டம் நடந்தாலும் எழுந்து கேட்பேன். என்னைக் கண்டாலே ஒலிபெருக்கியை ஒளித்து வைக்கிறவர்களும் உண்டு.

அவர் மறுபடி லோரி ஓட்டினார், தூரப் பயணம் இல்லாமல் கிள்ளானுக்குள்ளேயே. மகளின் மேல்நிலைப் படிப்பு முடிகிறவரை இருந்தார். ஒரு மாதம்கூடக் கட்டணம் பாக்கி வைத்ததில்லை. வேறு எதற்காவது பணம் இழுபறியானால் நான் ஓவர்டைம் போட்டேன். கடைசியில் மிஷின் கைவிடவில்லை, இதயம்தான் நின்றுவிட்டது.

சவ அடக்கத்துக்கு முன்னால் எங்கள் பக்கம் யாராவது நாலு வார்த்தை பேசுவது வழக்கம். செயலாளர் வந்திருந்தார், தலை நரைத்துப் போயிருந்தது. பெரிய மாலையாகத்தான் போட்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்து நின்று, "நம்ம சங்கத்தோட தயவுல இவர் இத்தன வருஷம்..." என்று ஆரம்பித்தார்.

நான் என் கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். எழுந்தேன். யாரோ என் தோளைப் பிடித்து அழுத்தினார்கள், விலக்கிவிட்டேன்.

"தயவு இல்லண்ணே," என்றேன். "அவர் மாசாமாசம் கட்டுனாரு. அத சொல்லுங்க."

வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். செயலாளர் என்னைப் பார்த்தார், பெட்டிக்குள் கிடந்தவரைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தச் சொல்லை விட்டுவிட்டு, முதலிலிருந்து பேசினார்.